அடுப்பில்லாத வீடு

"குடிசை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு... நாலாவது எந்த வீடு, தாயி?" மகளின் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துக் கேட்டான் மணிமுத்து.

"படமா வரைஞ்சிருக்கேன். நீங்களே கண்டுபிடிங்க," என்றாள் மூன்றாம் வகுப்பு மாரிச்செல்வி.

படத்தில் ஒரே ஒரு தலையணை, இருக்கன்குடி அம்மன் படம், இரண்டு பக்கமும் ஜன்னல்.

"அடுப்பைக் காணோமே?"

"அங்கன நெருப்பே ஆகாது. பின்னாடி பூராம் பட்டாசு."

"கம்பெனி வாட்ச்மேன் ரூமா?"

"ம்ஹூம்." படத்தின் கீழே சக்கரங்களை வரைந்தாள். "உங்க வீடுப்பா."

மாதத்தில் இருபத்தெட்டு நாள் பட்டாசு லாரி ஓட்டும் மணிமுத்து அவசரமாகத் தரையைத் தட்டிக் காட்டினான்.

"இதுதான் தாயி எம் வீடு."

"இது அம்மா வீடு. இங்கன நீங்க விருந்தாளி மாதிரில்ல வாரீக?" அவள் நோட்டை மூடினாள். "முழுப்பரீட்சை லீவுக்கு என்னையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீகளாப்பா?"