அதுக்கு ஆள் இருக்கு

கதவுக்கு இந்தப் பக்கம் நஸ்ரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அந்தப் பக்கம் அவன் மனைவி ஷாமிலா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சமூகப்பணி முதுமாணிக்கான நேர்முகப் பரீட்சை. திரையில், கொழும்பில் மூன்று பேர். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஷாமிலா ஒருத்தி.

கிண்ணியாவில் அவர்கள் வீட்டில் இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருக்கும். அதனால் அவர்களுக்குத் தெரிந்த உத்தியோகத்தர் கீர்த்தனி, தன் அலுவலகத்தின் பின்னறையைத் திறந்து கொடுத்திருந்தாள்.

அஸ்ஹானுக்கு ஒன்பது மாதம். கீழே இரண்டு பல். விறாந்தையில் நின்றால் உள்துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று தெரிந்தது. மின்கம்பியில் ஒரு காகம் இருந்தது. அவனுக்குக் காகத்தைத்தான் பிடித்திருந்தது.

மீன்பிடி வள்ளத்தில் காற்றோடு மல்லுக்கட்டிக் கத்திப் பழகிய நஸ்ரி, பிள்ளையின் காதுக்குள் மூச்சுக்காற்றாய்க் கதைத்தான்.

"சத்தம் போடாதீங்க மகன். உள்ளுக்கு பெரிய ஆக்கள் கதைக்கிறாங்க."

உள்ளே கதைப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. பிரதேச செயலகத்தில் நல்ல உத்தியோகம் இருக்கிறதே, இப்போது எதற்குச் சமூகப்பணி என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

இந்தக் கேள்விக்கு ஷாமிலா ஒரு பதில் ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். குசினியில் அவள் சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக் கேட்டு நஸ்ரிக்கே அது பாடமாகியிருந்தது. வலுவூட்டல், விளிம்புநிலை மக்கள் என்று அழகாகப் போகும்.

அவள் அதைச் சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டில ஒரு பிள்ளை விடிஞ்சதில இருந்து அழுதுகொண்டே இருந்தது, சேர். நான் போய்க் கதவைத் தட்டினனான். கதவு திறந்த பிறகு என்ன கதைக்கிறதெண்டு தெரியாம நிண்டனான். அதைப் படிக்கத்தான்."



அந்த நேரம் பார்த்துக் காகம் பறந்தது. அஸ்ஹான் வீறிட்டான்.

நஸ்ரி விறாந்தையின் மறுகோடிக்கு ஓடினான். அவன் போய்ச் சேரும் முன்னரே அழுகை உள்ளே போய்விட்டது.

"பிள்ளைச் சத்தம் கேக்குதே," என்று ஒரு பெண் குரல் சிரித்தது. "சனி, ஞாயிறு முழுக்க இங்க வகுப்பு. ரெண்டு வருஷம். ஆர் பார்க்கிறது பிள்ளையை?"

முதுகைத் தடவிக்கொண்டிருந்த நஸ்ரியின் கை நின்றுவிட்டது.

"அதுக்கு ஆள் இருக்கு, மேடம்."

ஷாமிலாவின் குரலில் நடுக்கம் இல்லை. நஸ்ரி பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தான்.

பிறகும் ஏதேதோ கேட்டார்கள். கடைசியில் அந்தப் பெண் குரல், தையில் வகுப்புத் தொடங்கும், ஆயத்தமாக இருங்கள் என்றது.

கதவு திறந்தது. அவளைக் கண்டதும் அஸ்ஹான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

ஷாமிலா அவனை வாங்கவில்லை. அவன் பாதத்தை மட்டும் ஒரு தடவை பொத்திப் பிடித்து விட்டாள்.

"கிடைச்ச மாதிரித்தானே?" என்றான் நஸ்ரி.

"ஓம்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கீர்த்தனி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நஸ்ரி நானா," என்றாள்.  சிறுவர் பராமரிப்பு அலுவலகத்தில் இத்தனை வருடம் இருந்தும் அவள் வாசலைக் கையால்தான் காட்டினாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியது சப்ரினா. பக்கத்து வீட்டில் அன்றைக்குக் கதவைத் திறந்தவள்.

அஸ்ஹானைத் தனியாகப் பெற்றவள். பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கு மனம் குழம்பிப் போயிற்று. கதவைத் திறந்தபோது, பின்னால் பிள்ளை அழுவது தன் காதில் விழாதவள் போல நின்றாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவள் சுகமாகி வரும்வரை பிள்ளையை ஷாமிலாவிடமும் நஸ்ரியிடமும் ஒப்படைத்தது கோர்ட்.

இப்போது அவளுக்குச் சுகம். குவைத்தில் வேலைக்குப் போயிருந்த சாச்சியும், அவள் தாயின் தங்கை, திரும்பி வந்துவிட்டாள். புல்மோட்டையில் சாச்சி வீட்டில்தான் இனி இருப்பு.

நேர்முகமும் இதே நாளில் விழுந்தபோது, பிள்ளையைக் கொடுக்க வேறு நாள் கேட்டுத் தரவா என்று கீர்த்தனி கேட்டிருந்தாள். தாயைக் காக்க வைக்க வேண்டாம் என்று சொன்னது ஷாமிலா.

சப்ரினா படிக்குக் கீழேயே நின்றாள். கையை நீட்டவில்லை.

"என்னைத் தெரியுமா அவனுக்கு?"

உள்ளே மூன்று பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த ஷாமிலா, நஸ்ரியைத் திரும்பிப் பார்த்தாள். நஸ்ரிதான் இறங்கிப் போனான்.

"தெரியாட்டி என்ன தங்கச்சி, பழகிடுவான். முதுகில தட்ட வேணாம். தடவினாத்தான் உறங்குவான்."

சொல்லிக்கொண்டே பிள்ளையை அவள் தோளில் சாய்த்தான். சாய்த்தவனால் நிமிர முடியவில்லை. அவனுடைய சட்டைக் கழுத்தை அஸ்ஹான் இறுகப் பிடித்திருந்தான்.

நஸ்ரி அதை விடுவிக்கப் பார்க்கவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றான்.

ஷாமிலா படியிறங்கி வந்தாள். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சப்ரினாவின் முக்காட்டு நுனியை அவற்றுக்குள் வைத்தாள்.

பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டான்.