பைக்குள் விட்ட கை

“இன்னாமே, கையில கீறது இன்னா எலும்பு? சட்டுனு சொல்லு, வூட்ல ஆட்டுக்கால் சூப்பு ஆறிப்பூடும்!”

இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசாத பரீட்சகரை ஹில்டா ராயபுரத்துக்காரர் ஆக்கியிருந்தாள். மூக்குக்குக் கீழே பஞ்சு மீசை வேறு.

தண்டையார்பேட்டை பஸ் வழியில் நின்றுபோனதால் நான் அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தேன். மருத்துவக் கல்லூரி வராந்தாவில், பரீட்சை அறையின் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். துணிப்பைக்குள் கையை விட வேண்டும். பார்க்காமலே தடவி, எந்த எலும்பு, இடதா வலதா என்று சொல்ல வேண்டும்.

ஹில்டாவின் எதிரே நின்ற எங்கள் தோழி அஜீசாவுக்குப் போன தடவை எல்லாம் தெரிந்திருந்தும் வாய் மட்டும் திறக்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் படித்தது போதும் என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டார். கூட்டிப்போக ஜட்காவோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

ஹில்டா தன் சாப்பாட்டுப் பையை நீட்டினாள். அஜீசா உள்ளே கையை விட்டாள்.

“ஏய், இது கரண்டிடீ!”

“அது எனக்குத் தெரியும்மே. இடதா, வலதா?”

அஜீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து ஹில்டா மாணவியானாள். பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. வலையிலிருந்து மணலில் கொட்டிய மீனைப் போல வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எச்சில் விழுங்கினாள். பதில் அங்கே தொங்குகிறதா என்று கூரையைப் பார்த்தாள்.

“அடிப்பாவி, என்னையே பண்ணிக் காட்டறியா?” அஜீசா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு முழுதும் அடங்காமலே போனாள்.

கதவு மூடியது.

“உன் முறை எப்போ?” என்று ஹில்டாவைக் கேட்டேன்.

“நீ வர்றதுக்கு முந்தியே ஆயிடுச்சி.” மீசையைப் பிய்த்து எறிந்தாள். “போன தடவ அவ எப்டி நின்னான்னு நான் எங்க பாத்தேன்? இன்னிக்கி உள்ள அப்டி நின்னது நான்டீ.”

நான் ஏதாவது சொல்வதற்குள் உதட்டில் விரலை வைத்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அஜீசாவின் குரல் வந்தது. காறை எலும்பு. இடது பக்கம். சந்தையில் காய் கேட்பவளைப் போல அவ்வளவு தெளிவாக.

ஹில்டா கைதட்டப் போனாள். உள்ளே கேட்டுவிடுமே என்று அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

சில்லென்றிருந்தன.