மாவில் ஒரு விரல்தடம்

ஈரத்துணியை விலக்கினாள்.

மாவு பாத்திரத்தின் கழுத்துவரை ஏறியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது.

நடுவில் ஒரு குழி.

யாரோ ஆள்காட்டி விரலை நகம் மறையும்வரை அமுக்கி எடுத்திருக்கிறார்கள்.

பெனிட்டா அப்படியே நின்றாள். அவள் அமுக்கவில்லை. கணவன் தெய்வேந்திரன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். மாமியார் கயத்தாறில் தங்கை மகள் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். சொந்தக்காரர்கள் எதையாவது கேட்பார்கள் என்று இவளை அழைத்துப்போகவில்லை.

பூனையாக இருந்தால் பாதம் பதிந்திருக்கும்.

வீட்டில் மிச்சம் ஒரே ஒருவர்.

எட்டிப் பார்த்தாள். மாமனார் அழகுமலை கூடத்தில் நாற்காலியில் இருந்தார். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது.

கல்யாணமாகி நான்கு மாதம். அவர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார் என்று சொல்ல முடியாது. பேசியதே இல்லை. மகன் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்று, ஒதுங்கி வழிவிட்டார். அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "தண்ணி" என்பார். இவள் கொண்டுவந்து வைப்பாள்.

முப்பது வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். இந்த வீட்டில் அவர் பிரித்துப் பார்க்காத சாமானே கிடையாது என்று மாமியார் ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். சுவர்க்கடிகாரம், மிக்சி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத இஸ்திரிப் பெட்டி.

இன்று இவளுக்கும் அதே வியாதி. போனில் பார்த்ததிலிருந்து தொற்றிக்கொண்டது. எங்கோ ஒரு ஊரில் பன் மாதிரி ஒன்றைப் பிஸ்கட் என்கிறார்கள். பிய்த்தால் பஞ்சுபோல் பிரிகிறது. ஈஸ்ட் போட்டு உப்பவைப்பார்களாம்.

பிஸ்கட் எப்படி மெத்தென்று இருக்கும்?

பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

இப்போது இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

குழியைத் தொடாமல் துணியை மறுபடி மூடினாள். வாளியைச் சத்தம் வரும்படி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் அடுப்படிக்கு வந்தார். துணியை ஓரமாகத் தூக்கினார். குனிந்து முகர்ந்தார். பிறகு தலையைச் சாய்த்து, காதை மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மோட்டார் சுற்றுகிறதா என்று கேட்கிற மாதிரி.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் போனவள் கையிலிருந்து வாளி நழுவி விழுந்தது.

அவர் நிமிர்ந்தார்.

இரண்டு பேரும் அசையவில்லை. அவர் கையில் துணி.

"இது மூச்சு விடுதே."

சுவரைப் பார்க்கவில்லை. மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஈஸ்ட்டு மாமா," என்றாள். "அதுக்கு உசுரு உண்டு. வெதுவெதுன்னு இருக்க பால்ல சீனியைப் போட்டுக் கரைச்சா முழிச்சுக்கிடும்."

அவர் கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டார்.

அவள் உள்ளே வந்து பலகையில் மைதாவைத் தூவி மாவைச் சாய்த்தாள். பொசுக்கென்று காற்று போனது. அவர் ஓர் எட்டு முன்னால் வந்தார். உள்ளங்கையால் தட்டிப் பரப்பினாள். ஆங்காங்கே வெண்ணெய்த் துணுக்குகள் மஞ்சளாகத் தெரிந்தன. மடித்தாள். தட்டினாள். மறுபடி மடித்தாள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினாள்.

வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள்.

ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடேற்றியிருந்தாள். மேடையில் கிடந்த கேஸ்கெட்டை அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். வெயிட் இல்லாத குழாயைப் பார்த்தார். புரிந்ததுபோல் கீழே வைத்தார்.

முதல் ஈடு நான்கு.

இருவரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். வெண்ணெய் வாசம் வந்தது. அதற்குள்ளே லேசாகக் கள் வாசமும்.

திறந்தபோது ஒவ்வொன்றும் விரல்கடை உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் அடி கருகிவிட்டது. நல்லதாக ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

அவர் உடனே தின்னவில்லை.

தட்டைத் தரையில் வைத்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிஸ்கட்டின் மேல்தட்டை இரண்டு விரலால் கழற்றினார். ஆவி வந்தது. அடுத்த அடுக்கு. அதற்கடுத்தது. கழற்றிய வரிசையிலேயே தட்டில் பரப்பிவைத்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அதன் பொத்தல்களைப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு அடுக்காகத் தின்றார்.

வேட்டியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் ஈட்டைக் குக்கரில் வைத்தாள்.

கூடத்தில் அவர் போனில் பேசும் சத்தம் கேட்டது.

"ஏ பேச்சி. வரும்போது பஜார்ல ஈஸ்ட்டுன்னு கேளு. ஈஸ்ட்டு. ஆமா, ரெண்டு பாக்கெட்டு."

அந்தப் பக்கம் மாமியார் யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"மருமவ கேக்கா," என்றார்.

பெனிட்டா மேடையில் இருந்த ஈஸ்ட் டப்பாவைப் பார்த்தாள்.

அதில் இன்னும் முக்கால் பங்கு இருந்தது.