ஆறாம் கட்டில் அம்மாள் நடந்தது

துண்டைப் போட்டுத் தாண்டச் சொன்னாலும் தாண்டலாம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆறாம் கட்டிலில் படுத்திருந்த அம்மாள் நாற்பதே நிமிடத்தில் எழுந்து நடந்தாள். நடக்க வைத்தவள் அன்று காலைதான் பிசியோதெரபிஸ்ட் வேலைக்கான சோதனைநாளுக்கு வந்த புதுப்பெண்.

படித்தது நாலரை வருஷம். "கால் அமுக்கிவிட நாலரை வருஷமா?" என்று பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் அப்பா கேட்காத நாளில்லை. "இன்னிக்கும் வேலை கிடைக்கலைன்னா, நாளையிலேருந்து கடைக்கு வந்து டப்பாவை அடுக்கு."

வார்டில் தலைமை பிசியோ அம்மா ஒரு நோயாளியின் சீட்டை அவள் கையில் கொடுத்தார்.

"ஆறாம் கட்டில். காய்ச்சல் போயிடுச்சு, பயம் போகலை. மூணு வாரமா காலைத் தரையில வைக்க மாட்டேங்கறாங்களாம். நேத்துதான் இந்த வார்டுக்கு மாத்தினாங்க, நானே இன்னும் பாக்கலை. பன்னிரண்டு மணிக்குள்ள வாசல் வரைக்கும் நடக்க வை. வெச்சுட்டா, வேலை உனக்கு."

ஆறாம் கட்டிலில் வாட்டசாட்டமான ஓர் அம்மாள் காலை நீட்டிக் கண்ணயர்ந்திருந்தாள்.

"அம்மா, நான் உங்க பிசியோ. காலைக் கொஞ்சம் பாக்கறேன்."

அம்மாள் திடுக்கிட்டு விழித்தாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நான் வந்து..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க."

மறுக்கும் நோயாளியைப் பேசவிடாமல் அன்பால் அடிக்க வேண்டும் என்று பாடத்திலேயே இருந்தது. அந்தப் பாடத்தில் அவள் வாங்கியது தொண்ணூற்று இரண்டு மார்க்.

குதிகாலைக் கையில் ஏந்தினாள். உள்ளங்காலெல்லாம் புழுதி. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்குக் காலைத் துடைத்துவிட ஓர் ஆள் இல்லையே என்று மனம் வெதும்பி, ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு பாதத்தை முன்னும் பின்னும் மெல்ல வளைத்து, கெண்டைக்காலை நீவிவிட்டாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணும் தானாக மூடியது. "அதே இடத்துல இன்னும் கொஞ்சம், கண்ணு."

"இப்ப என் கையை எதிர்த்து உதைங்க பாக்கலாம்."

"யாரையும் உதைச்சுப் பழக்கமில்லையே."

"என்னை உங்க மருமகளா நெனச்சுக்கங்க."

உதைத்த உதையில் புதுப்பெண் ஸ்டூலோடு சறுக்கிப் போய் ஐந்தாம் கட்டிலில் முட்டி நின்றாள். "மருமக பாவம்" என்றாள் ஐந்தாம் கட்டில் பாட்டி, போர்வைக்குள்ளிருந்து.

"பலமெல்லாம் உள்ளயே இருக்கும்மா. எந்திரிங்க, நிக்கலாம்."

"நிக்கறது இருக்கட்டும். நான் வீட்டுக்குக் கிளம்பணும், நேரமாச்சு."

"தாராளமா கிளம்பலாம். நடந்து காட்டினாத்தானே விடுவாங்க?"

அம்மாள் பெருமூச்சு விட்டு எழுந்து வாக்கரைப் பிடித்தாள். முதல் எட்டு, இரண்டாம் எட்டு. பத்தாவது எட்டில் அம்மாள், வழியை மறைக்கிறது என்று வாக்கரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசலைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, பின்னாலேயே ஓடிய புதுப்பெண்ணுக்குத்தான்.

வார்டே கை தட்டியது. தலைமை பிசியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு."

சொன்னதோடு நிற்காமல், வேலை உத்தரவில் அங்கேயே கையெழுத்தும் போட்டார். மை காய்வதற்குள் எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு சக்கர நாற்காலி உருண்டு வந்து ஆறாம் கட்டிலருகே நின்றது. அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்மணி, கட்டிலில் இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைப் பாக்க வந்த நீங்களே படுத்துக்கிட்டா, நான் எங்க படுக்கறது அண்ணி?"