பூந்திக்கொட்டை நுரை

சந்திரமௌலி கன்னியம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீரஜா காபி டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வேலைக்காரியின் விரலைத் தன் கணவர் பிடித்துப் பார்ப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்தாள். நல்ல காரணம் ஒன்றுகூட அகப்படவில்லை.

இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. ஆவணியிலிருந்தே அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வருகிறாள். இப்போது ஐப்பசி.

ஆவணியில் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

“இனிமே ஆத்துல சலவைச் சோடா, ஆசிட், ஃபினாயில் ஒண்ணும் வேண்டாம். எல்லாம் விஷம். அமெரிக்காக்காரனே விட்டுண்டிருக்கான். கன்னியம்மா கையைப் பாரு, வெந்து போயிருக்கு.”

மறுநாளே மாட வீதி நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பை நிறையப் பூந்திக்கொட்டை வந்து இறங்கியது. துணிக்கு அதன் நுரை. பாத்திரத்துக்குப் புளியும் சீயக்காய்த் தூளும். தரை துடைக்க வேப்பிலை வேகவைத்த தண்ணீர். சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர், கொட்டையை உடைத்து ஊறவைப்பது எப்படி என்று நீரஜாவுக்குப் பாடம் எடுத்தார்.

வீடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஃபினாயில் நெடி போயிற்று. நீரஜாவின் காலைத் தும்மல்கூட நின்றுவிட்டது. அந்தச் சுகத்தையும் அவள் சந்தேகத்தோடுதான் அனுபவித்தாள்.

கல்யாணமான நாளாக இட்லிப் பானை ஆவியில் அவள் கை எத்தனையோ முறை வெந்திருக்கிறது. ஏனென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது காலையில் காபி குடிக்கும்போதே, கன்னியம்மாவுக்குக் கை தேவலையா என்று விசாரணை. இரவில் தடவிக்கொள்ள அவளுக்கு ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் வேறு.

ஒருநாள் நீரஜா மீதமிருந்த சோடாவை எடுத்து, படுக்கை விரிப்புகளை வேண்டுமென்றே தன் கையாலேயே துவைத்தாள். விரல்கள் சிவந்து தோல் உரிந்தது. அந்தக் கையாலேயே பரிமாறினாள். அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

கன்னியம்மாவைக் குற்றம் சொல்லவும் எதுவும் கிடைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள். சிரித்தால் பார்க்கும்படி இருப்பாள். அதற்காக ஒருத்தியைத் திட்ட முடியுமா? நீரஜா மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

வேலையை விட்டு நிறுத்தவும் வழியில்லை. நீரஜாவின் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள். கொல்லைப்புற அறை உன் காலம் வரைக்கும் உனக்குத்தான் என்று, கிழவர் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கன்னியம்மாவுக்குப் போக வேறு இடமும் கிடையாது.

ஃபிளாட் கட்டும் கான்டிராக்டர் ஒருவர் ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்து கொல்லையை அளந்துகொண்டு போனார். நீரஜா அவருக்கு மோர் கொடுத்தாள். ஏன் வந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் கண்ணெல்லாம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் மேலேயே இருந்தது.

இப்போது பட்டப்பகலில், நடுக்கூடத்தில், அவள் எதிரிலேயே விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நீரஜா டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

அவர் தானாகவே அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“ஆடியில கைநாட்டு வாங்கினப்போ வெறும் மைக்கறைதான் விழுந்தது. சோடாவுல தேஞ்சு ரேகையே இல்லே. செல்லாதுன்னுட்டார் வக்கீல். இப்ப வந்து பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு.”

மேஜை டிராயரைத் திறந்து ஸ்டாம்ப் பேடையும் மடித்து வைத்திருந்த பத்திரத்தையும் எடுத்தார்.

நீரஜாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. இதற்குத்தானா? இதற்காகவா இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம்? கணவர்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

கன்னியம்மா மை தடவிய விரலைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்திரத்தைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஐயாவைப் பார்த்தாள். கடைசியில் நீரஜாவிடம் வந்தாள்.

“ரேசன் கார்டுக்குன்னு சொன்னாரு. அதுக்கு இன்னாத்துக்கு வக்கீலு? நீ ஒரு தபா பட்ச்சி சொல்லும்மா. நீ சொன்னா வெச்சிர்றேன்.”

நீரஜா குனிந்து படித்தாள். கொல்லைப்புற அறையில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, தை பிறப்பதற்குள் காலி செய்து கொடுத்துவிடுகிறேன், இது நானே மனமொப்பி எழுதிக் கொடுத்தது என்று இருந்தது.

சந்திரமௌலி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன்னை இப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு, தன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் கையைப் பார்த்தாள். வெடிப்பெல்லாம் ஆறி, மெத்தென்று, கல்யாணப் பெண்ணின் கை மாதிரி இருந்தது.

தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

“ரேஷன் கார்டுக்குத்தான். வை கன்னியம்மா” என்றாள்.

ரேகை ஒன்று விடாமல் விழுந்தது.