மறுநாள் மலை

தேயிலைத் தோட்டத்தில் ஊசி போடுகிற நாளாகப் பார்த்து, இருபத்தாறு பொம்பளைகளையும் உச்சி மலைக்கு ஏற்றிவிடுகிற கங்காணியை நீங்க என்ன சொல்வீங்க?

லோஜினி மிஸ்ஸி மெதுவாகத்தான் திட்டினாள். இடம் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போயிருக்க, சின்னதுகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

லோஜினி, டவுனிலிருந்து மாதம் ஒரு நாள் ஊசிப் பெட்டியோடு வருகிற நர்ஸ். பிள்ளைக்கு ஊசி என்றால் விடியவே பவுடர் பூசித் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிற தாய்மார், தனக்கென்றால் மட்டும், "எனக்கென்ன மிஸ்ஸி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று நழுவிவிடுவார்கள்.

பெரியவர்களுக்கான ஏற்பு ஊசி அது, டெட்டனஸ் வராமல் காக்கிறது. செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் துருப்பிடித்த கம்பியுமாகப் புழங்குகிறவர்கள் போட்டே ஆக வேண்டியது. போன மாதம் வந்தது ஐந்து பேர். இன்றைக்கும் இருபது பேர் தேறாவிட்டால் இந்தத் தோட்டத்துக்கு இனிக் கிளினிக் கிடையாது, ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரம் யார் போவார்கள்?

மணி பதினொன்று. வந்தது மூன்று பேர். மூவரும் பென்ஷன்காரர்கள்.

"அந்த ஜீவராணி இருக்காளே மிஸ்ஸி," என்றாள் காம்பரா ஆயா வினோதா. "போன வருசம் வரைக்கும் கூடை தூக்கினவதான். கங்காணி ஆனதும் கொம்பு முளைச்சிருச்சு. இன்னைக்கு முறைக்கு, இந்தா இருக்கிற நாலாம் நம்பர் மலை. கூப்பிட்டா கேக்குற தூரம். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுலயே தோட்டத்து ஐயாகிட்ட மல்லுக்கு நின்னு மாத்தி, எல்லாரையும் உச்சிக்கு ஓட்டிட்டுப் போயிட்டா."

"ஏனாம்?"

"ஊசின்னா அவளுக்கு ஆகாது. போன வருசம் ஒண்ணு போட்டுட்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்னு போனவ தானே."

"இருங்க, நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

செங்குத்தான ஏற்றம். பாதி வழியில் காலில் இரண்டு அட்டை. மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

"மிஸ்ஸியே ஏறி வந்துட்டாங்கடி. ஊசியை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு பாருங்க."

"கையைக் காட்டாதடி, கொழுந்துன்னு நினைச்சுக் கிள்ளிருவாங்க."

செடிகளுக்கு நடுவிலிருந்து சிரிப்பு எழும்பியது.

"வாய் ஓடுறது போதும், கை ஓடட்டும்," என்றபடி ஜீவராணி வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு என் மேல என்ன கோபம்?"

"உங்க மேலயா? எனக்கா?"

"பின்ன ஏன் இன்னைக்குப் பார்த்து மலையை மாத்தினீங்க? ஒரு பத்துப் பேரையாவது இப்ப இறக்கி விடுங்க."

"ஒருத்தரையும் இறக்க மாட்டேன். இறங்கி ஏறினா ரெண்டு மணித்தியாலம் போயிரும். கிலோ குறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. அரை நாள் சம்பளத்தை நீங்களா குடுப்பீங்க?"

"உசுரை விட அரை நாள் சம்பளமா பெருசு?"

ஜீவராணி தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினாள்.

"போன வருசம் எனக்கு ஊசி போட்டப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா மிஸ்ஸி?"

"என்ன சொன்னேன்?"

"‘பயப்படாதீங்கக்கா, இடது கையிலதான் போடுறேன், வேலைக்கு ஒண்ணும் ஆகாது'ன்னீங்க. கொழுந்து ரெண்டு கையாலயும் எடுக்கணும் மிஸ்ஸி."

இதையே லோஜினி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

"மறுநாள் எங்களுக்கு இதே மலை. கை தோளுக்கு மேல எழும்பல. பத்துக் கிலோ. அரைப் பேரு. அதைப் பார்த்த பிறகு இதுகள்ல ஒருத்தியும் உங்ககிட்ட கையை நீட்டல. ஊசிக்குப் பயந்து இல்ல. மறுநாளுக்குப் பயந்து."

ஜீவராணி கீழே தெரிந்த நாலாம் நம்பர் மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதான் கஷ்டமான மலையை இன்னைக்கே முடிக்கிறோம். நாலாம் நம்பர் மலை நாளைக்கு. பேருதான் மலை, சமதரை, கொழுந்தும் தளதளன்னு நிக்குது. வலியோட கிள்ளினாலும் கிலோ நிறைஞ்சிரும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"ஊசிக்காகன்னு சொன்னா ஐயா மாத்துவாரா? மேல கொழுந்து முத்திப்போகுதுன்னு சொல்லித்தான் மாத்தினேன். நீங்க ரெண்டு மணிக்கு மூடிருவீங்க, எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி எடை முடிஞ்சதும் நானே இறங்கி வந்து, அஞ்சு மணி வரைக்கும் இருங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன். நாலரைக்குக் கடைசி எடை. முடிஞ்ச கையோட எல்லாரையும் காம்பராவுக்குக் கூட்டிட்டு வந்துருவேன். எனக்கும் ரெண்டாவது ஊசி பாக்கி."

"வரலன்னா விட்டுருவாளா இவ," என்றது ஒரு குரல் செடிக்குள்ளிருந்து.

லோஜினி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனை எடுத்தாள்.

"வினோதாக்கா, ரெண்டு மணிக்குப் பெட்டியை வேன்ல ஏத்த வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லிருங்க. அஞ்சு மணிக்கு இருபத்தேழு பேர் வர்றாங்க. களைச்சுப் போய் வருவாங்க, கொஞ்சம் தேத்தண்ணி போட்டு வைங்கக்கா."