சின்னக் கதவில் தகரம்

"தகரத்தைக் கழட்டும்மா. இன்னிக்கே, என் கண்ணு முன்னாலேயே கழட்டணும்."

நெவெனா குரலை உயர்த்தவில்லை. அந்த பல்கேரிய மலையூரின் பழைய தெருக்களில் மதில் சுவர்களைக் காக்கும் அதிகாரி அவள். ஓடு வேய்ந்த கல்மதிலோடு யாராவது தகரத்தைச் சேர்த்து அடித்துவிட்டால், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஸ்லாட்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் வீட்டு முற்றத்து மதிலில், பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஒரு சின்னக் கதவு இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். தெருவில் எல்லா மதிலிலும் அப்படி ஒன்று உண்டு. அண்டை வீட்டார் தெருவில் இறங்காமலே உப்புக்கும் காபிக்கும் வந்து போவார்கள். அந்தக் கதவின் மேல்தான் ஸ்லாட்கா தகரத்தை வைத்து ஆணி அறைந்திருந்தாள்.

"அபராதம் போடுங்க மேடம், கட்டிடறேன். தகரம் மட்டும் இருக்கட்டும்."

"காசு கட்டிட்டா அடைச்சுக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அனுப்பின நோட்டீசுக்கெல்லாம் ஏன் பதில் போடல?"

"பதில் போட்டா, புகார் கொடுத்தவருக்கும் ஒரு நகல் போகுமாமே..."

புகார் கொடுத்தவர் தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு மின்கோ.

"விடாதீங்க மேடம்!" தகரத்தைத் தட்டிக் கத்தினார். "இவ மாமனார் ஸ்டாமென் என் சிநேகிதன். சின்ன வயசுலேர்ந்து இந்தக் கதவு வழியாத்தான் போய் பகடை ஆடுவேன். எங்களைப் பிரிச்சுட்டா, ராட்சசி! தெருக்கதவைத் தட்டினா, தூங்கறார்ங்கறா. எந்நேரமுமா ஒரு மனுஷன் தூங்குவான்?"

ஸ்லாட்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், ஒரு நிமிஷம் வீட்டுக்குள்ள வாங்க. விஷயத்தைச் சொல்றேன்."

நெவெனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே கூப்பிட்டுக் கையில் கவரைத் திணிக்கிறவர்களை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள்.

"அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். சொல்றதை இங்கேயே சத்தமாச் சொல்லு. அவரும் கேக்கட்டும்."

ஸ்லாட்கா வாயைத் திறந்தாள். தகரத்தைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நெவெனா கண்ணைக் காட்ட, அவளோடு வந்திருந்த டிரைவர் கடப்பாரையால் நெம்பினான். ஆணிகள் கிறீச்சிட்டன. தகரம் முற்றத்துக் கல்லில் விழுந்து அதிர்ந்தது. கல்லைக் காப்பதுதான் அவள் வேலை. இன்று ஒரு சிநேகிதத்தையும் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மின்கோ குனிந்து நுழைந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கக்கத்தில் பகடைப் பலகையை இடுக்கியிருந்தார். போகிற போக்கில் ஸ்லாட்காவின் கன்னத்தைத் தட்டினார்.

"போ, மன்னிச்சுட்டேன். காபி போடு, ரெண்டு பேருக்கும்." வீட்டைப் பார்த்து நடந்தார். "டேய் ஸ்டாமென்! எழுந்திரிடா சோம்பேறி! போன ஆட்டத்துக்குப் பழிவாங்க வந்திருக்கேன்!"

அவர் உள்ளே போய் மறைந்ததும் நெவெனா திரும்பினாள். "இதைப் போய்த் தடுத்தியேம்மா. மனசு வந்துதா உனக்கு?"

ஸ்லாட்கா அந்தத் தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவோட சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததே அவர்தான் மேடம், மறந்துடறார். வாசல்ல ஒட்டின இரங்கல் தாளைப் படிச்சுப் படிச்சு தினமும் புதுசா அழுதார், கிழிச்சுட்டேன். வீட்டுக்குள்ள வந்து தேடித் தேடி அழுதார், கதவை அடைச்சுட்டேன். என்னைத் திட்டிக்கிட்டாவது, சிநேகிதன் உயிரோட இருக்கான்னு நம்பிக்கிட்டு இருந்தார்."

உள்ளே மின்கோ ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.